குறுகிய பாதையில் விரைவு ரயில்: ஜப்பானிய மரபும் வட சிலாங்கூரும்

தஞ்சோங் மாலிமிலிருந்து ரவாங் வரை ஓடும் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் ஒரே ஒரு மீட்டர். அதன்மேல் இடிஎஸ் மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வண்டி 160 கிலோமீட்டர் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. உலகின் பெரும்பாலான அதிவேக ரயில்கள் 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடுபவை. மீட்டர் பாதை என்றால் மெதுவான பாதை என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. தமிழ்நாட்டில் 1977இல் மதுரைக்கும் சென்னைக்கும் இடையே வைகை எக்ஸ்பிரஸ் மீட்டர் பாதையில் ஓடத் தொடங்கியபோது, நூறைத் தொட்ட அதன் வேகமே பெரும் பேச்சானது. இந்த ஒரு மீட்டர் அகலத்தில் இவ்வளவு வேகம் எப்படிச் சாத்தியமாயிற்று, அதைச் சாத்தியமாக்கியவர்கள் யார், அந்த வேகத்தால் பாதையோரத்துத் தோட்ட மக்களுக்குக் கிடைத்தது என்ன என்பவை ஒன்றோடொன்று பிணைந்த கேள்விகள்.

பாதையின் வயது நூற்றைத் தாண்டியது. கோலாலம்பூரிலிருந்து ரவாங் வரை 1892லும், அங்கிருந்து கோலகுபு வரை 1894லும் ரயில் வந்தது. ஈயத்தை ஏற்றுமதித் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதுதான் அப்போதைய நோக்கம். ரப்பர் பிறகு வந்தது. மலையும் சதுப்பும் கலந்த நாட்டில் குறைந்த செலவில் பாதை போட மீட்டர் அகலம் வசதியாக இருந்தது. வளைவுகளைச் சற்று இறுக்கமாக வைக்கலாம். வெட்ட வேண்டிய மண்ணும் குறைவு. தண்டவாளம் பதித்துப் பராமரித்த கூலிக் கூட்டத்தில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். நிலைய அதிபர், எழுத்தர் நாற்காலிகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய பேர் இருந்தார்கள். மலாயா ரயில்வே என்பது ஒரு வகையில் இரண்டு கரைத் தமிழர்களும் ஒரே சம்பளப் பட்டியலில், ஆனால் வேறு வேறு படிநிலையில், சந்தித்த இடம்.

ஜப்பான், ரயில் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வரும்போது நம் தோட்டத்துப் பெரியவர்களின் நினைவில் எழுவது சயாம்தான். அதைச் சொல்லாமல் இந்தப் பொருளுக்குள் நுழைவது நேர்மையாகாது. 1942 செப்டம்பரில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட சயாம்-பர்மா பாதை சுமார் 415 கிலோமீட்டர் நீளம்; அதுவும் மீட்டர் பாதைதான். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் பிடுங்கிய தண்டவாளங்கள் அங்கே போயின. சிலாங்கூர் உட்பட மலாயாவின் பல மாநிலத் தோட்டங்களிலிருந்து ஆட்களும் போனார்கள். பல்லாயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை. அந்த இராணுவத்தின் ரயிலையும் போருக்குப் பிறகு ஜப்பானியப் பொறியாளர்கள் கட்டிய ரயிலையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. ஆனாலும் ஜப்பானிய ரயிலின் அருமையை எழுதும் எவரும், நம் வாசகருக்கு எழுதினால், முதலில் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இனி போருக்குப் பிந்திய கதை. ஜப்பானின் முதல் ரயில் 1872இல் ஓடியது. அதன் பாதை அகலம் 1,067 மில்லிமீட்டர். நம்முடையதைவிட 67 மில்லிமீட்டர்தான் கூடுதல். அதாவது நம்மைப் போலவே குறுகிய பாதைக்காரர்கள். பாதையை அகலப்படுத்துவதா, இருப்பதையே மேம்படுத்துவதா என்ற சண்டை அங்கே பல பத்தாண்டுகள் நடந்தது. அகலப்படுத்த முடியாத இடத்தில் வேகத்தை எங்கே தேடுவது என்பதற்கு அவர்கள் கண்ட விடை எளியது. முன்னால் ஒரு கனமான இஞ்சினைப் பூட்டிப் பெட்டிகளை இழுப்பதை விட்டுவிட்டு, பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்களைப் பிரித்து வைத்தார்கள். எடை ஒரே இடத்தில் குவியாது. பாதைக்குச் சுமை குறையும். புறப்படும்போதும் நிற்கும்போதும் பல சக்கரங்கள் பங்கு கொள்ளும். இதற்கு ஒரு தடை இருந்தது. குறுகிய பாதையில் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே கிடைக்கும் இடம் கொஞ்சம். மோட்டாரும் பற்சக்கரமும் அதற்குள் அடங்க வேண்டும். மோட்டாரின் சுழல் அச்சைப் பொள்ளலாக்கி, அதன் உள்ளேயே இணைப்புத் தண்டைச் செலுத்தும் அமைப்பு அந்த நெருக்கடியைத் தீர்த்தது. வெளியே தெரியாத இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாமல் பின்னால் வந்த எந்த வேகமும் வந்திருக்காது.

1957 செப்டம்பரில் ஒடாக்யூ என்ற தனியார் நிறுவனத்தின் புதிய வண்டி சோதனையில் 145 கிலோமீட்டரைத் தொட்டது. குறுகிய பாதையில் அன்றைய உலக சாதனை. அடுத்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி ஜப்பான் தேசிய ரயில்வே 'கொடாமா' விரைவு ரயிலைத் தொடங்கியது. தோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு 6 மணி 50 நிமிடம். போய் வேலையை முடித்து அன்றே திரும்பிவிடலாம் என்பதுதான் அதன் விளம்பரம். 151 வரிசை எனப் பின்னர் பெயர் பெற்ற அந்த வண்டிதான் தேசிய ரயில்வேயின் முதல் மின்தொடர் (பெட்டியடி மோட்டார் கொண்ட) விரைவு ரயில். 1959 ஜூலையில் அது 163 கிலோமீட்டர் எட்டியது. ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த ஷின்கான்சென் அகலப் பாதையில் ஓடியது என்றாலும், அதன் பெட்டியடி மோட்டார் சிந்தனை இந்தக் குறுகிய பாதை வண்டியிலிருந்து போனதுதான். புகழ் முழுவதும் ஷின்கான்செனுக்குப் போய்விட்டது. எனக்கு மூத்தவன் மேல்தான் மதிப்பு அதிகம்.

ஒரே வண்டி எப்படிப் பல கிளைகளாக விரிகிறது என்பதற்கு 485 வரிசையைவிடச் சிறந்த பாடம் கிடையாது. ஜப்பானில் கிழக்குப் பாதி 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், மேற்குப் பாதி 60 ஹெர்ட்ஸ். ரயில் பாதைகளிலோ சில இடத்தில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம், சில இடத்தில் 20,000 வோல்ட் மாறுமின்சாரம். 1964இல் மேற்குக்காக 481 வந்தது. 1965இல் கிழக்குக்காக 483. 1968இல் இரண்டையும் தாங்கும் 485. நாட்டின் மின்மயப் பாதைகளில் ஏறத்தாழ எங்கும் போகக்கூடியது. செங்குத்தான உசுய் கணவாயைத் துணை இஞ்சினோடு ஏறும் வசதியுடன் 489 தனியே வந்தது. முகமும் மாறியது. தொடக்கத்தில் நீண்டு புடைத்த மூக்கு. பிறகு இரண்டு தொடர்களைக் கோத்து நடுவே ஆட்கள் நடக்கும் வாசல் கொண்ட தட்டை முகம். அதன் பிறகு வாசல் இல்லாத முகம். குளிருக்கென ஒரு துணைவகை, ஹொக்கைடோவுக்கென 1500 எண்ணில் இன்னொன்று. இந்த 1500ஐத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவேன். 1975இல் ஹொக்கைடோவுக்குப் போன அது அங்கத்துத் தூள்பனியைத் தாங்கவில்லை. பனி மின்கருவிகளுக்குள் நுழைந்து பழுதுமேல் பழுது. 1980இல் பெரிய தீவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாடு முழுவதும் ஓடும் வண்டி என்று பெயர் வாங்கியதை ஒரு தீவின் பனி மறுத்துவிட்டது. மற்ற கிளைகளும் உண்டு: பகலில் இருக்கையாகவும் இரவில் படுக்கையாகவும் மாறிய 583 குடும்பம், வளைவில் உடலைச் சாய்த்துக்கொண்டு ஓட 1973இல் வந்த 381. எல்லாவற்றையும் விரித்தால் இந்தக் கட்டுரை அட்டவணையாகிவிடும்.

வேகத்துக்கு எல்லை எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானின் சாதாரணப் பாதைகளில் அவசர பிரேக் போட்டால் வண்டி 600 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. சாலைகள் தண்டவாளத்தைக் கடக்கும் கேட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்ததால் வந்த விதி அது. அதனால்தான் பெரும்பாலான விரைவு ரயில்கள் 120, 130லேயே நின்றன. 1997இல் திறந்த ஹொக்குஹொக்கு பாதையில் கேட்டுகள் அநேகமாக இல்லை. அங்கே 681, 683 வரிசை வண்டிகள் 160 கிலோமீட்டரில் ஓடின. அதே 1,067 மில்லிமீட்டர்தான். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலம் ஜப்பானியச் சாய்வு ரயிலை முன்மாதிரியாகக் கொண்டு செய்த வண்டி அதே அகலத்தில் 1999 மே மாதம் சோதனையில் 210 கிலோமீட்டர் கடந்தது. அகலம் அல்ல, பாதையைச் சுற்றியுள்ள ஏற்பாடுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்ற வாதத்துக்கு இந்த இரண்டும் போதும்.

இதைத்தான் ரவாங்-ஈப்போ இரட்டைப் பாதைத் திட்டம் செய்தது. சுமார் 179 கிலோமீட்டருக்கு ஒற்றைத் தண்டவாளம் இரட்டையானது. மேலே 25,000 வோல்ட் மின்கம்பி வந்தது. கேட்டுகள் எடுக்கப்பட்டு மேம்பாலங்கள் கட்டப்பட்டன. இருபுறமும் வேலி அடைத்தார்கள். வேலி என்ற இந்தக் கடைசி அம்சத்தைப் பொறியியல் அறிக்கைகள் ஒரு வரியில் கடந்துவிடும். பாதையை ஒட்டிய தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு அது ஒரு வரி அல்ல. கம்பிச் சடக்கைக் குறுக்கே தாண்டிக் கோயிலுக்கும் கடைக்கும் போய்வந்த இடத்தில், மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போக வேண்டியதாயிற்று. பாதுகாப்பு கூடியது உண்மை; முன்பு அங்கே உயிர்ப்பலி நடந்ததும் உண்மை. ஆனால் வேகத்துக்கான விலையை ரயிலில் ஏறாதவர்களும் செலுத்தினார்கள்.

வட சிலாங்கூருக்கு மின்ரயில் துண்டு துண்டாகத்தான் வந்தது. கொமுட்டர் எனப்படும் புறநகர் மின்ரயில் சேவை 1995இல் தொடங்கியபோது வடக்கு முனை ரவாங். 2007 ஏப்ரலில் செரண்டா, பத்தாங் காலி வழியாக ராசா வரை நீண்டது. 2008 ஜனவரியில் கோலகுபு பாரு. 2009 ஜூனில் பேராக் எல்லைக்குள் தஞ்சோங் மாலிம். வெகுநாள் ரவாங்கில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. 2015 இறுதியில்தான் தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை ஒரே ஓட்டமானது.

இடிஎஸ் 2010 ஆகஸ்டில் வந்தது. அதன் முதல் ரகமான 91ஐத் தென் கொரியாவின் ஹூண்டாய் ரோட்டெம் கட்டியது. ஐந்து பெட்டித் தொடர்கள் ஐந்து. சக்கரத்தைச் சுழற்றும் மின்கருவிகள் ஜப்பானின் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் தயாரிப்பு. 1982இல் மகாதீர் அறிவித்த கிழக்கு நோக்கும் கொள்கை ஜப்பானையும் கொரியாவையும்தான் காட்டியது. இந்த வண்டியில் அந்த இரண்டும் ஒரே சட்டகத்தில் இருந்தன. அடுத்த ரகம் 93, சீனாவின் சூசோ ஆலையிலிருந்து, ஆறு பெட்டிகளோடு பத்துத் தொடர்கள். 2015இல் பாதை பாடாங் பெசார் வரை நீண்டபோது ஓடத் தொடங்கியது. அதே குடும்பத்தில் இடிஎஸ் 2 எனப்படும் ஒன்பது தொடர்கள் 2019ஐ ஒட்டி வந்தன. மூன்றாம் தலைமுறை 2025இல், தெற்குப் பாதை ஜொகூரை நோக்கித் திறந்துகொண்டே போன ஆண்டில், சேவைக்கு வந்தது. சிரம்பானுக்கும் கெமாசுக்கும் இடையிலான தெற்குத் துண்டைப் போட்டது இந்தியாவின் இர்கான் நிறுவனம் என்பதையும் சொல்லி வைக்கலாம். ஆக ஜப்பானியச் சிந்தனை, கொரியக் கைவண்ணம், பிறகு சீன ஆலை, இடையில் இந்தியத் தண்டவாளம்.

தமிழருக்கு மீட்டர் பாதை மின்ரயில் புதிதல்ல என்பது ஒரு கிளைச் செய்தி. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931லேயே மீட்டர் பாதையில் மின்தொடர் வண்டி ஓடியது. 2004 வரை ஓடியது. விழுப்புரம் வரை மின்மயமானபோது அந்தப் பாதைக்கு 1960களின் நடுவில் வந்த மின் இஞ்சின்கள் ஜப்பானில் கட்டியவை. நம் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய தென்னாற்காட்டு ஊர்களைக் கடந்து ஜப்பானிய இஞ்சின் போய்க்கொண்டிருந்தபோது, ரவாங்கில் டீசல் வண்டிதான் நின்று போனது.

ஜப்பானியக் கிளைகளையும் மலேசியக் கிளைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே வண்டி கிளைத்ததற்குக் காரணம் மின்சாரம், மலை, பனி. இங்கே மின்சாரம் எல்லா இடத்திலும் ஒன்றே; பனி கிடையாது; மலை ஏறும் பாதையும் தைப்பிங் பக்கம் சுரங்கத்தால் நேராக்கப்பட்டுவிட்டது. எனவே இங்கே கிளைத்தது வண்டி அல்ல, பயணச்சீட்டு. பிளாட்டினம், கோல்ட், சில்வர் என்று பெயரிட்டார்கள். உயர்ந்த உலோகம் என்றால் குறைந்த நிறுத்தம். தொழில்நுட்பக் கேள்வி முடிந்து, யாருக்காக நிற்பது என்ற கேள்வி அங்கே தொடங்குகிறது.

ராசா நிலையத்தின் நடைமேடையில் மாலையில் நின்றால் இது கண்ணெதிரே நடக்கும். முதலில் விலகி நிற்கும்படி அறிவிப்பு. பிறகு தண்டவாளத்தில் ஒரு மெல்லிய ரீங்காரம். வடக்கே வளைவில் விளக்கு தெரிந்த சில நொடிகளில் ஆறு பெட்டிகளும் சட்டென்று கடந்துவிடும். பள்ளிப் பையைப் பிடித்திருக்கும் பிள்ளையின் சட்டை காற்றில் ஒட்டிக்கொள்ளும். இடிஎஸ் இங்கே நிற்பதில்லை, செரண்டாவிலும் நிற்பதில்லை. பத்தாங் காலியிலும் கோலகுபு பாருவிலும் சில சேவைகள் மட்டும் நிற்கும். ராசாக்காரர்களுக்கு கொமுட்டர்தான். அது மலிவு, ஆனால் ஒன்று தவறினால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ரவாங்குக்குத் தெற்கே 1990களில் மின்மயமான பழைய பாதையைப் புதுப்பிக்கும் வேலை நடந்த ஆண்டுகளில் அந்தக் காத்திருப்பு இன்னும் நீண்டது.

விரைவு ரயில் சிற்றூரில் நின்றால் அது எப்படி விரைவு ரயில் ஆகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஜப்பானிலும் கேட்டார்கள். 1972 அக்டோபரில் அவர்கள் சொன்ன விடைக்கு 'எல் விரைவு' என்று பெயர். நாளுக்கு ஓரிரண்டு ஆடம்பர வண்டி விடுவதற்குப் பதில், குறிப்பிட்ட இடைவெளியில் அடிக்கடி விரைவு ரயில். முன்பதிவு இல்லாமல் ஏறும் பெட்டிகள். இடைநிலை ஊர்களிலும் நிறுத்தம். அந்தச் சேவையைப் பெரும்பாலும் சுமந்தது இதே 485தான். கொடாமா அதிகாரிகளின் வண்டியாகத் தொடங்கியது. எல் விரைவு மாவட்டத்து வாத்தியாரும் கடைக்காரரும் ஏறும் வண்டியாயிற்று. பெட்டியடி மோட்டார் கொண்ட ரயிலின் உண்மையான பலன் அதன் உச்ச வேகம் அல்ல; நின்று மீண்டும் வேகமெடுக்க ஆகும் நேரம் குறைவு என்பதுதான். அந்தத் திறனை வாங்கிவிட்டு நிற்காமல் ஓட்டுவது, வாங்கியதில் பாதியைப் பயன்படுத்தாமல் விடுவது.

கோலசிலாங்கூர் பக்கம் வந்தால் கதை வேறு. அங்கே இன்று பயணிகள் ரயிலே கிடையாது. கிழக்கே பத்து ஆராங் வரை ஒரு காலத்தில் குவாங்கிலிருந்து கிளைப் பாதை இருந்தது. 1915 முதல் 1960 வரை அங்கே வெட்டிய நிலக்கரி நாட்டின் நீராவி இஞ்சின்களை ஓட்டியது. நிலக்கரி போனது, பாதையும் போனது. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்சுந்தையைச் சுற்றிய தோட்டங்கள், நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மேரி, புக்கிட் தாகார் போன்றவை, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்களும் வெளியேறி வீட்டுடைமைப் போராட்டத்துக்குப் பேர்போனவையாகின. பிள்ளைகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போக மோட்டார் சைக்கிளையோ, 2011இல் திறந்த 33 கிலோமீட்டர் லாத்தார் நெடுஞ்சாலையையோ நம்பியிருக்கிறார்கள். நெடுஞ்சாலை கார் வைத்திருப்பவருக்கு நல்லது. இல்லாதவருக்கு அது வேலிக்கு அப்பால் ஓடும் இன்னொரு விரைவு ரயில்.

இப்போது அங்கேயும் ரயில் வரப்போகிறது. ஆனால் வேறு அகலத்தில். கிழக்குக் கரை ரயில் இணைப்பு எனப்படும் 665 கிலோமீட்டர் திட்டத்துக்கு எந்த வழி என்பதில் மாநில அரசும் மத்திய அரசும் நெடுநாள் இழுபறி செய்து, 2021இல் வடக்கு வழி உறுதியானது. கோம்பாக்கிலிருந்து செரண்டா பக்கம் வந்து, கோலசிலாங்கூர் மாவட்டத்தின் புஞ்சாக் ஆலாம் வழியாகக் காப்பார், கிள்ளான் துறைமுகம் போகும். பாதை அகலம் 1,435 மில்லிமீட்டர். பயணிகள் ரயிலின் வேகம் 160 கிலோமீட்டர் என்று அறிவித்திருக்கிறார்கள். மீட்டர் பாதை இடிஎஸ்ஸின் வடிவமைப்பு வேகமும் அதே 160. கூடுதல் அகலம் சரக்குக்கும் பிற்கால விரிவுக்கும் உதவும். பயணியின் நேரத்தில் அது மட்டும் பெரிய மாற்றம் செய்யாது. அகலம் வேறு என்பதால் இரண்டு பாதைகளிலும் ஒரே வண்டி ஓடவும் முடியாது. ஹொக்கைடோவின் பழைய கிஹா 183 டீசல் வண்டிகளைத் தாய்லாந்து இலவசமாகப் பெற்றபோது 67 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கே சக்கரங்களை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. இங்கே வித்தியாசம் 435. எனவே இரு பாதைகளும் நெருங்கும் இடத்தில் மனிதர்தான் இறங்கி மாற வேண்டும். அந்த மாற்றம் ஒரே கூரையின் கீழ் நடக்குமா, வெயிலில் நடந்து போக வேண்டுமா என்பது இப்போது வரையப்படும் வரைபடங்களில் முடிவாகும்.

என் தீர்ப்பு இதுதான்: வட சிலாங்கூருக்கு இனி இன்னும் வேகமான வண்டி தேவையில்லை. இருக்கும் வண்டி போதும். தேவைப்படுபவை மூன்று. காலையிலும் மாலையிலும் ஓரிரு இடிஎஸ் சேவைகளாவது ராசாவிலும் செரண்டாவிலும் நிற்க வேண்டும். தஞ்சோங் மாலிம் கொமுட்டரின் இடைவெளி குறைய வேண்டும். பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் ஊர்களிலிருந்து ரவாங்குக்கும், வரவிருக்கும் புஞ்சாக் ஆலாம் நிலையத்துக்கும் ரயில் நேரத்தோடு பொருந்தும் பேருந்து வேண்டும். மாநில அரசின் இலவசப் பேருந்துத் திட்டம் 2015 முதலே இருக்கிறது, தடத்தை நீட்டுவதுதான் பாக்கி. ஆலயக் குழுவிலோ பள்ளிப் பெற்றோர் சங்கத்திலோ பொறுப்பில் இருக்கும் வாசகர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர் எந்த நேரத்துக்கு எங்கே வேலைக்கும் படிப்புக்கும் போகிறார்கள் என்று கணக்கெடுத்து, கையெழுத்தோடு நகராண்மைக் கழகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். புஞ்சாக் ஆலாம் நிலையம் திறந்த பிறகு அனுப்பினால் தாமதம், இப்போதே அனுப்புங்கள்.